வலிக்கு லேசர் சிகிச்சை: உண்மையில் வேலை செய்கிறதா, வெறும் சிவப்பு லைட்டா?

கழுத்து வலி என்று பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனால் முன்பெல்லாம் இரண்டில் ஒன்று நடக்கும். 'ஹீட்' வைப்பார்கள், இல்லையென்றால் 'கரண்ட்' வைப்பார்கள். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "லேசர் ஒரு பத்து சிட்டிங் எடுத்துக்கோங்க, சரியாயிடும்." பேனா மாதிரி ஒரு கருவியை வலிக்கிற இடத்தில் வைக்கிறார்கள். சுடாது, குத்தாது, பெரும்பாலும் எதுவுமே தெரியாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பணம் கட்டிவிட்டு வெளியே வரும்போது பலருக்கும் வரும் சந்தேகம்: இப்போ உள்ளே நிஜமாவே ஏதாவது நடந்துச்சா?

இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. எந்த அளவுக்கு என்றால், பிரிட்டனில் எந்தச் சிகிச்சையைத் தரலாம், எதைத் தரக் கூடாது என்று அரசு மருத்துவமனைகளுக்கு வழிகாட்டும் அமைப்பான 'நைஸ்', இதே லேசருக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. 2018-ல் ஒரு பிரச்னைக்கு, "போதுமான ஆதாரம் இருக்கிறது, பயன்படுத்தலாம்" என்றது. 2022-ல் மூட்டுத் தேய்மான வலிக்கு, "ஆதாரம் போதாது, கொடுக்காதீர்கள்" என்றது.

2018-ல் அனுமதி கிடைத்தது கழுத்துக்கோ இடுப்புக்கோ இல்லை. புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணுக்கு. ஒரே ஒளிக்கு ஏன் இரண்டு தீர்ப்பு என்று புரிந்துகொண்டால், உங்கள் கழுத்துக்கு அந்தப் பத்து சிட்டிங் தேவையா என்பதும் ஓரளவு புரியும்.

இது எந்த லேசர்?

கண் அறுவை சிகிச்சையில் பயன்படுவது திசுவைச் செதுக்கும் லேசர். இது அது இல்லை. இதன் சக்தி மில்லிவாட் கணக்கில் இருக்கும். பொதுவாக 5 முதல் 500 மில்லிவாட் வரை. திசுவைச் சூடாக்கும் அளவுக்கு வலு இல்லாததால் 'கோல்ட் லேசர்' என்றும் சொல்கிறார்கள். ஒளியின் அலைநீளம் சுமார் 600 முதல் 1,000 நானோமீட்டருக்குள். அதாவது சிவப்பு நிறம், அல்லது அதைத் தாண்டி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆய்வாளர்கள் இப்போது அதிகம் பயன்படுத்தும் பெயர் 'ஃபோட்டோபயோமாடுலேஷன்'. கிளினிக் போர்டில் இந்தப் பெயரைப் பார்த்தால் வேறு ஏதோ புதுச் சிகிச்சை என்று நினைத்துவிட வேண்டாம்.

500 மில்லிவாட்டைத் தாண்டினால் அது 'கிளாஸ் 4'. சில கிளினிக்குகள் இதை 'ஹை பவர் லேசர்' என்று கூடுதல் கட்டணத்துக்குக் கொடுக்கின்றன. அதில் இளஞ்சூடு தெரியும். கீழே வரும் ஆய்வு முடிவுகளை அப்படியே அதற்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

எலி முடியில் தொடங்கிய கதை

முதல் லேசர் 1960-ல் வந்தது. சில ஆண்டுகளில், ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். லேசர் ஒளி பட்டால் புற்றுநோய் வருமா என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். எலிகளின் முதுகில் முடியை மழித்துவிட்டு, பாதி எலிகளுக்கு மட்டும் ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. ஆனால் ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரமாக வளர்ந்தது. அவரிடம் இருந்த கருவியின் சக்தி மிகக் குறைவு. அந்தக் குறைந்த சக்திதான் இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி. (முடி வளர்க்கும் லேசர் சீப்புக்கு அமெரிக்காவில் 2007-ல் விற்பனை அனுமதி கிடைத்தது. அந்த எலிகளின் கதை அங்கேயும் தொடர்கிறது.)

ஒளி பட்டால் வலி எப்படிக் குறையும்? நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருப்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், செல்லின் பவர் ஹவுஸ். அதில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்றும், அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடி, வீக்கத்தைத் தூண்டும் ரசாயனங்கள் குறைகின்றன என்றும் ஒரு விளக்கம் உண்டு. வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளின் வேகத்தை ஒளி தற்காலிகமாக மட்டுப்படுத்துகிறது என்பது இன்னொரு விளக்கம். இரண்டுக்கும் ஆய்வகச் சான்றுகள் உண்டு. ஆனால் தட்டில் வளர்த்த செல்லில் நடப்பது, தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் மூட்டிலும் அப்படியே நடக்குமா என்பது தனிக் கேள்வி. தோல் வழியாக ஒளி போகப் போக மங்கிவிடும். சில மில்லிமீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எல்லாம் டோஸில்தான் இருக்கிறது

மாத்திரையில் 500 மில்லிகிராம், 650 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். லேசருக்கு அந்த எண் ஜூல். கணக்கு எளிது: வாட்டை விநாடியால் பெருக்க வேண்டும். 100 மில்லிவாட், அதாவது 0.1 வாட் கருவியை ஒரு புள்ளியில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல். அதே 4 ஜூலை 10 மில்லிவாட் கருவியில் கொடுக்க வேண்டுமென்றால் 400 விநாடி, ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் ஒரே ஒரு புள்ளிக்கு. முழங்காலைச் சுற்றி அப்படிப் பல புள்ளிகள் உண்டு.

உலக லேசர் சிகிச்சைச் சங்கம் என்ற சர்வதேச அமைப்பு இதற்கு அளவு நிர்ணயித்திருக்கிறது. முழங்கால் மூட்டுக்கு, 780 முதல் 860 நானோமீட்டர் லேசர் என்றால் புள்ளிக்குக் குறைந்தது 4 ஜூல். 904 நானோமீட்டர் லேசர் என்றால் குறைந்தது 1 ஜூல். அலைநீளம் மாறினால் டோஸும் மாறுகிறது, கவனியுங்கள். இன்னொரு விஷயம், 'நிறைய வச்சா சீக்கிரம் சரியாகும்' என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆய்வகச் சோதனைகளில் குறைந்த அளவு செல்லைத் தூண்டுகிறது, ஒரு எல்லையைத் தாண்டினால் அந்தப் பலன் குறைகிறது, சில நேரம் எதிர்மறையாகவும் ஆகிறது.

ஆக, 'லேசர் வைத்தார்கள்' என்று மட்டும் சொல்வது, 'ஏதோ ஒரு மாத்திரை கொடுத்தார்கள்' என்று சொல்வதற்குச் சமம். ஆய்வுகளே ஒன்றோடொன்று மோதுவதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

முழங்கால்: ஒரே கேள்வி, இரண்டு விடை

முழங்கால் தேய்மானத்தை எடுத்துக்கொள்வோம். 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 9 பரிசோதனைகளில் இருந்த 518 நோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. லேசரால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019-ல் 'பிஎம்ஜே ஓப்பன்' இதழில் நார்வே ஆய்வாளர்கள் தலைமையில் இன்னொரு தொகுப்பாய்வு வந்தது. 22 பரிசோதனைகள், 1,063 நோயாளிகள். பலன் இருக்கிறது என்றது.

எவ்வளவு பலன்? வலியை அளக்க ஒரு 100 மில்லிமீட்டர் கோட்டைக் கொடுப்பார்கள். 0 என்றால் வலியே இல்லை, 100 என்றால் தாங்கவே முடியாத வலி. நோயாளியே கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். 2019 ஆய்வில், போலி லேசர் வைத்தவர்களைவிட உண்மையான லேசர் வைத்தவர்களுக்குச் சிகிச்சை முடிந்தபோது சராசரியாக 14 மில்லிமீட்டர் கூடுதலாக வலி குறைந்திருந்தது. பரிந்துரைக்கப்பட்ட டோஸைச் சரியாகக் கொடுத்த பரிசோதனைகளை மட்டும் தனியாகப் பிரித்தால் அது கிட்டத்தட்ட 19. சிகிச்சை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் 32 வரை போனது. டோஸ் குறைவாக இருந்த பரிசோதனைகளை எல்லாம் ஒரே பானையில் போட்டுக் கலக்கியதால்தான் பழைய ஆய்வில் பலன் மறைந்துபோனது என்பது இவர்கள் வாதம்.

வாதம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வு நடத்தியவர்களில் சிலர், அந்த டோஸை வகுத்த சங்கத்தின் முன்னாள் நிர்வாகிகள். இதை அவர்களே கட்டுரையில் அறிவித்திருக்கிறார்கள், ஒளித்துவைக்கவில்லை. இருந்தாலும், கேள்வித்தாள் தயாரித்தவரே விடைத்தாளையும் திருத்தினால் நாம் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்போம் இல்லையா? நைஸ் 2022-ல் 'கொடுக்காதீர்கள்' என்று சொன்னது இந்த ஆய்வு வந்த பிறகுதான்.

கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு

லேப்டாப்பும் கையுமாக இருப்பவர்களுக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். மூன்றிலும் கழுத்துக்குத்தான் ஆதாரம் ஓரளவு நன்றாக இருக்கிறது. 2009-ல் 'லான்செட்' இதழில் வெளியான தொகுப்பாய்வு 16 பரிசோதனைகளையும் 820 நோயாளிகளையும் பார்த்தது. நாள்பட்ட கழுத்து வலியில் அதே 100 மில்லிமீட்டர் கோட்டில் சுமார் 20 மில்லிமீட்டர் குறைந்தது, சிகிச்சை முடிந்து 22 வாரம் வரை பலன் தெரிந்தது. இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பரிசோதனையும் சிறியது. 820-ஐ 16-ஆல் வகுத்தால் சராசரியாக ஒன்றுக்கு 51 பேர்தான்.

இடுப்பு வலிக்குப் படம் மங்கல். 2008-ல் 'கோக்ரேன்' அமைப்பு ஆராய்ந்தபோது கிடைத்தது 7 பரிசோதனைகள்தான். முடிவுக்கு வர இது போதாது என்றது. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் உடற்பயிற்சி, யோகாவோடு லேசரும் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே 'ஆதாரத்தின் தரம் குறைவு' என்ற குறிப்பும் இருக்கிறது. விளம்பரங்களில் முதல் பாதி மட்டும்தான் வரும். முன்பு சொன்ன ஆழக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்: முதுகெலும்புத் தட்டு தோலிலிருந்து பல சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. மேலே வைக்கும் ஒளியில் எவ்வளவு அங்கே போய்ச் சேரும்?

மணிக்கட்டு கதைதான் சுவாரசியம். கார்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகும் பிரச்னை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2002-ல் இந்த வகை லேசருக்கு முதன்முதலில் அனுமதி கொடுத்தது இதற்காகத்தான். பதினைந்து ஆண்டு கழித்து, 2017-ல் கோக்ரேன் 22 பரிசோதனைகளையும் 1,153 பேரின் தரவையும் அலசியது. போலி லேசரைவிட இது மேல் என்று சொல்லும்படியான, நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று முடித்தது.

அப்புறம் எஃப்டிஏ எப்படி அனுமதித்தது? அந்த அனுமதி மருந்துக்குக் கொடுப்பது போன்றது இல்லை. 'ஏற்கெனவே சந்தையில் இருக்கும் கருவிக்கு இணையானது' என்று காட்டினால் விற்கலாம் என்ற வழி அது. வலியை ஆணித்தரமாகக் குறைக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய தேவை அதில் குறைவு. கிளினிக் சுவரில் 'எஃப்டிஏ அப்ரூவ்டு' என்று பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மருத்துவக் கருவிகள் எல்லாமே 2020 ஏப்ரல் முதல் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் உரிமம் எடுக்க வேண்டும் என்ற விதி படிப்படியாக 2022, 2023-ல் அமலுக்கு வந்தது. அது கருவிக்கான உரிமம். கிளினிக்கில் உங்களுக்குக் கொடுக்கும் டோஸை அது கண்காணிப்பதில்லை.

லேசருக்குச் சாதகமான ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் தெரியாது. அதனால் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதிப்பது சுலபம். கருவி ஓடுகிறதா இல்லையா என்று நோயாளிக்கே தெரியாது. மசாஜையோ அக்குபங்சரையோ இப்படிச் சோதிக்க முடியாது.

சிட்டிங் எடுப்பதற்கு முன்

கிளினிக்கில் மூன்று எண்களைக் கேளுங்கள். அலைநீளம் எத்தனை நானோமீட்டர், சக்தி எத்தனை மில்லிவாட், ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல். நல்ல பிசியோதெரபிஸ்ட் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார், கருவியின் திரையைத் திருப்பிக் காட்டுவார். "அதெல்லாம் மெஷினே பார்த்துக்கும்" என்பது பதில் இல்லை.

லேசரோடு உடற்பயிற்சியும் சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள். கழுத்து, இடுப்பு, முழங்கால் மூன்றுக்கும் லேசரைவிட உடற்பயிற்சிக்கு ஆதாரம் வலுவானது. வெறுமனே படுக்க வைத்து லேசர் மட்டும் வைத்து அனுப்பினால், நீங்கள் வாங்குவது பொட்டலத்தில் விலை உயர்ந்த பாதியை மட்டும். ஒரு சிட்டிங் 500 ரூபாய் என்று வைத்தாலே பத்துக்கு 5,000 ரூபாய். மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் பிசியோதெரபிக்கு வழக்கமான காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் பணம் தராது. பத்தையும் மொத்தமாகக் கட்டாமல், நான்கைந்துக்குப் பிறகு வலி எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பது உங்கள் உரிமை.

பக்கவிளைவு குறைவுதான். ஆனால் கண்ணில் நேராகப் பட்டால் விழித்திரை பாதிக்கப்படலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் ஆபத்து கூடுதல், அதனால் சிகிச்சை கொடுப்பவர், எடுப்பவர் இருவருக்கும் அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி வேண்டும். சாதாரண கூலிங் கிளாஸ் போதாது. புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தின் மேலும், கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் மேலும் வைப்பதில்லை. திடீரென்று கை கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் ஏதாவது இருந்தால் லேசர் பற்றிய பேச்சே வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள்.

ஆதாரம் வலுவாக இருக்கும் இடம்

இப்போது நைஸ் 2018-ல் சரி என்ற அந்த வாய்ப்புண்ணுக்கு வருவோம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுக்கும்போது வாயின் உள்தோல் உரிந்து புண்ணாகிவிடும். நாம் வழக்கமாகச் சொல்லும் வாய்ப்புண்ணோடு இதை ஒப்பிடவே முடியாது. எச்சில் விழுங்க முடியாது, கஞ்சி இறங்காது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு தர வேண்டியிருக்கும், மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படும். சிலருக்குக் கதிர்வீச்சையே சில நாள் நிறுத்த வேண்டியிருக்கும். இங்கே இடைவெளி விழுந்தால் புற்றுநோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது. வலியைச் சமாளிப்பதே நோயைச் சமாளிப்பதின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

இந்தியாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022 கணக்குப்படி, இங்கே ஓராண்டில் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் கண்டறியப்படுபவர்கள் 1.4 லட்சத்துக்கும் அதிகம். புகையிலையும் பாக்கும் முக்கியக் காரணம்.

இதற்கான நல்ல ஆதாரங்களில் ஒன்று நம் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. கர்நாடகத்தின் மங்களூருவில் 221 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனை, 2012-ல் வெளியானது. யாருக்கு உண்மை லேசர், யாருக்குப் போலி என்பது நோயாளிக்கும் தெரியாது, புண்ணை அளந்தவருக்கும் தெரியாது, கணக்குப் போட்டவருக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் கதிர்வீச்சுக்கு முன், வாரத்தில் 5 நாள், வாயின் உள்ளே புள்ளி புள்ளியாக லேசர் வைத்தார்கள். லேசர் பெற்றவர்களில் கடுமையான புண் குறைவாக வந்தது, வலியும் விழுங்குவதில் சிரமமும் குறைந்தன, மார்ஃபின் வகை மருந்தின் தேவையும் குறைந்தது. உலகின் பல இடங்களில் வந்த இப்படிப்பட்ட முடிவுகளை வைத்து, புற்றுநோய்ப் பக்கவிளைவுகளுக்கான சர்வதேச நிபுணர் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தலை, கழுத்துக் கதிர்வீச்சு நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைத்திருக்கிறது.

முழங்காலில் திணறும் ஒளி வாயில் ஏன் எடுபடுகிறது? ஆழக் கணக்கு ஒரு காரணமாக இருக்கலாம். புண் வாயின் மேற்பரப்பிலேயே இருக்கிறது, ஒளி எதையும் துளைத்துப் போக வேண்டியதில்லை. இன்னொன்று, டோஸ் ஓரளவு ஒரே சீராகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் எல்லாப் புற்றுநோய் மருத்துவமனையிலும் ஏன் இல்லை? மங்களூரு பரிசோதனையின் எண்களை வைத்தே கணக்கிடலாம். புள்ளிக்கு 3 ஜூல், சக்தி 24 மில்லிவாட். ஒரு புள்ளிக்கு 125 விநாடி ஆகிறது. 12 புள்ளி என்றால் 25 நிமிடம், ஒரு நோயாளிக்கு, ஒரு நாளைக்கு. கதிர்வீச்சு அறைக்கு வெளியே காலையிலிருந்தே வரிசை நிற்கும் அரசு மருத்துவமனையில் அந்த 25 நிமிடத்துக்கும், அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவருக்கும் யார் சம்பளம் ஒதுக்குவது? சக்தி கூடிய கருவிகள் நேரத்தைக் குறைக்கும், ஆனால் அவற்றுக்கும் ஆள் வேண்டும். பணம் கொடுத்துக் கழுத்துக்கு லேசர் வைத்துக்கொள்ள ஆள் இருப்பதால் கருவி முதலில் போய்ச் சேரும் இடம் தெருமுனை கிளினிக்காக இருக்கிறது.

வீட்டிலோ தெரிந்தவர்களிலோ யாருக்காவது வாய், தொண்டைக் கதிர்வீச்சு தொடங்கப்போகிறது என்றால், இதைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் புண் வந்த பிறகு இல்லை. இது முதன்மையாகத் தடுப்புச் சிகிச்சை, கதிர்வீச்சின் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டியது. கதிர்வீச்சுக்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பிப் பற்களைப் பரிசோதிப்பார்கள். அந்தச் சமயத்திலேயே புற்றுநோய் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும், "வாய்ப்புண் வராமல் தடுக்க லேசர் இங்கே கொடுக்கிறீர்களா, இல்லையென்றால் பக்கத்தில் எங்கே கொடுக்கிறார்கள்?" என்று கேட்கலாம். கட்டி இருக்கும் இடத்தைத் தவிர்த்து எங்கெங்கே வைக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் புற்றுநோய் மருத்துவர்தான். வெளியே ஒரு பிசியோ கிளினிக்கில் தனியாகப் போய் எடுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை இது.